எல்என் 106 ஹைலக்ஸ்: 7.50 ரயர் போட்ட பிறகு இழுவை இல்லை. என்ஜினை மாத்தவா, டிப்பை மாத்தவா?

வட்டக்கச்சி_கப் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். என்னட்ட ஒரு 1994 ரொயோட்டா ஹைலக்ஸ் எல்என் 106 டபுள் கப் இருக்குது. 3எல் டீசல் என்ஜின், 2779 சிசி, ஐஞ்சு கியர். முன்னுக்கும் பட்டை ஸ்பிறிங், முன் அச்சும் முழு அச்சுத்தான். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு வாங்க வேற ஒண்டும் கிடைக்காத நேரத்தில, ஒருத்தரிட்ட இருந்து வாங்கினது. 2025 இல திருப்பித் திறந்துவிட்டாலும் புது வாகனத்தின்ர விலை எங்கட கைக்கு எட்டாது. அதால இதையே வச்சு வடிவாச் செய்து ஓடுவம் எண்டு முடிவெடுத்திட்டன்.

வேலை வயல் வேலைதான். இரணைமடுத் தண்ணி பாயிற பக்கம் காணி. காலபோகத்துக்கு விதைநெல், உரம், தண்ணிப்பம்ப் எல்லாம் இதிலதான் போகும். மாரிக்க ஒழுங்கை முழுக்கச் சேறு, வரம்பு ஏறி இறங்க வேணும். வாங்கேக்க 205ஆர்16 ரயர் இருந்தது. உயரம் காணாது எண்டு 7.50ஆர்16 மாத்தினன். ஒடுங்கின ரயர், சேத்தை வெட்டிக்கொண்டு அடியில இருக்கிற இறுகின மண்ணைப் பிடிக்குது. அதில எனக்கு நல்ல திருப்தி.

பிரச்சினை இழுவை. பாரம் ஏத்தினால் மூண்டாம் கியரில மூச்சு வாங்குது. ஏ35 றோட்டில ஐஞ்சாம் கியர் போடுறதே இல்லை. வயலுக்க எச்4 (நாலு சில்லும் இழுக்கிறது) போட்டால் இன்னும் மோசம், முன்னுக்கு ஆரோ பிரேக் பிடிக்கிற மாதிரி இருக்குது. கிறவல் றோட்டுக்கு வந்த பிறகு லீவரை எச்2 க்கு (பின் சில்லு மட்டும் இழுக்கிறது) இழுத்தால் வராது, கொஞ்சம் பின்னுக்கு எடுத்தால்தான் விடும். மீற்றரும் பிழை. 60 காட்டேக்க போனில 72 காட்டுது, அது ரயர் மாத்தினதால எண்டு விட்டிட்டன்.

ஆக்கள் மூண்டு விதமாச் சொல்லினம். 1கேஇசட் டர்போ என்ஜினை ஏத்தச் சொல்லி ஒருத்தர். ட்ரான்ஸ்பர் பொக்ஸுக்கு (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இழுவையைப் பிரிக்கிற பெட்டி) வேற பல்லுப் போடச் சொல்லி இன்னொருத்தர். பின் டிப்பை (அச்சின்ர நடுவில ரெண்டு சில்லுக்கும் சுத்தைப் பிரிச்சுக் குடுக்கிற டிபரென்ஷல்) வெல்டிங்கால ஒட்டிவிட்டால் எல்லாம் சரி எண்டு மூண்டாவது ஆள். வீட்டில சீமெந்து நிலம், செயின் புளொக், நல்ல ஸ்பனர் செற், ஜக் ஸ்ராண்ட் எல்லாம் இருக்குது. என்ர கையால செய்யத்தான் விருப்பம். எதில தொடங்கிறது?

மெல்பேர்ண்_4x4 எழுதியது:

வணக்கம் அண்ணா. இஞ்ச அவுஸ்திரேலியாவில எல்என் 106 எண்டால் இண்டைக்கும் மரியாதைதான், முழு முன் அச்சோட வந்த கடைசி ஹைலக்ஸுகளில ஒண்டு எண்டதால. என்ர யோசனை ட்ரான்ஸ்பர் பொக்ஸ். உங்களிட்ட இருக்கிறது பல்லால ஓடுற வகை, செயின் இல்லை. கொம்பனிக் கணக்கில எல்4, அதாவது ஆறுதலாப் போற பாரக் கியர், 2.28 க்கு ஒண்டு. அமெரிக்காவில மார்லின் குறோலர் எண்டவை இதே பொக்ஸுக்கு 4.70 பல்லுச் செற் செய்யினம். பெரிய மாற்றம் அது. எச்2, எச்4 ஒண்டும் மாறாது, எல்4 மட்டும் ரெண்டு மடங்குக்கு மேல பாரமாகும். முதலாம் கியரை நாலுக்கு ஒண்டு எண்டு வச்சால், என்ஜின் ஆயிரம் சுத்தேக்க இப்ப மணிக்கு மூண்டரை கிலோமீற்றருக்கு மேல போற வாகனம் ரெண்டு கிலோமீற்றரும் போகாது. கல்லு ஏறேக்க கிளச்சில கால் வைக்கத் தேவையே இல்லை. வாங்க முதல் இன்புட் ஷாப்ட்டின்ர ஸ்ப்ளைன் (தண்டில வெட்டியிருக்கிற பல்லு) 21 ஆ 23 ஆ எண்டு எண்ணிப்போட்டு ஓடர் பண்ணுங்கோ.

மன்னார்_றோட்டு எழுதியது:

டிப்பை ஒட்டுறதுதான் குறைஞ்ச காசு. நான் ஒட்டித்தான் ஓடுறன், முருங்கன் பக்கம் எந்தச் சேத்திலயும் நிண்டதில்லை. ரெண்டு பின் சில்லும் சேந்து சுத்தும்.

செட்டிகுளம்_பழைய_கராஜ் எழுதியது:

தம்பி, காசை வெளியில எடுக்க முதல் எண்ணிப் பாருங்கோ. நீங்கள் சாடையா எழுதிவிட்ட ஒரு வரியிலதான் எல்லாம் கிடக்குது: மீற்றர் 60, போன் 72.

205ஆர்16 ரயர் நிண்டால் கிட்டத்தட்ட 29 அங்குலம். 7.50 கிட்டத்தட்ட 32. பத்து வீதம் கூட. அப்ப மீற்றர் 60 காட்டேக்க உண்மையில 66 போக வேணும். மிச்சம் எங்க இருந்து வந்தது? ஹைலக்ஸில மீற்றர் கேபிள் ட்ரான்ஸ்பர் பொக்ஸின்ர பின் பக்கத்தில இருந்து வருது. அதுக்குச் சில்லைத் தெரியாது, பின் ஷாப்ட் (பொக்ஸில இருந்து டிப்புக்குப் போற தண்டு) எத்தினை சுத்துச் சுத்துது எண்டது மட்டும்தான் தெரியும். ஷாப்ட் குறையச் சுத்த, சில்லு கூடச் சுத்தினால்தான் இந்தக் கணக்கு வரும். உங்கட பின் டிப் கொம்பனியில இருந்து வந்தது இல்லை எண்டு நான் நினைக்கிறன். 1.10 ஐயும் 1.11 ஐயும் பெருக்கிப் பாருங்கோ, 1.22 வரும். 60 இருந்த இடத்தில 73. ஏன் 1.11 எண்டால், 4.56 டிப்பை (சில்லு ஒரு சுத்துக்கு ஷாப்ட் 4.56 சுத்து) கழட்டிப்போட்டு 4.10 போட்டால் வித்தியாசம் சரியா அவ்வளவுதான். தார் றோட்டு ஓட்டத்துக்கும் டீசல் மிச்சத்துக்கும் எண்டு முந்தி கனபேர் இந்த வேலை செய்தவை. பின்னை மாத்திப்போட்டு, போர் வீல் பாவிக்கிறதில்லைத்தானே எண்டு முன்னை அப்பிடியே விட்டிடுவினம்.

நீங்கள் சொன்ன மற்ற ரெண்டு குறியும் இதோட பொருந்துது. போர் வீலில முன் ஷாப்டும் பின் ஷாப்டும் ஒரே சுத்துத்தான் சுத்தும், எங்கட பொக்ஸில நடுவில டிப் இல்லை. முன்னும் பின்னும் விகிதம் வேறயா இருந்தால் சில்லுகள் ஒண்டோட ஒண்டு சண்டை பிடிக்கும். சேத்தில வழுக்கித் தப்பும். கிறவலில வழுக்க இடம் குறைவு, முறுக்கு ஏறி லீவர் இறுகும். பின்னுக்கு எடுக்கேக்க முறுக்குக் கழருது, லீவர் விடுது.

நான் ஊகத்தில சொல்லுறன், நீங்கள் கண்ணால பாக்க வேணும். செய்யிற முறை இது. மட்டமான நிலத்தில நிப்பாட்டி, முன் சில்லு ரெண்டுக்கும் கட்டை வச்சு, பின் சில்லில ஒண்டை மட்டும் தூக்கி ஸ்ராண்டில வையுங்கோ. மற்றச் சில்லு நிலத்தில. கியர் நியூட்ரல், ட்ரான்ஸ்பர் எச்2, ஹாண்ட் பிரேக் விட்டிருக்க வேணும். ஷாப்ட்டில சோக்கால ஒரு கோடு, நேர எதிர்ல சசியில ஒரு கோடு. தூக்கின ரயரின்ர வால்வு நேர மேல நிக்கட்டும். இனி சில்லைக் கையால 20 முழுச் சுத்துச் சுத்துங்கோ, ஒருத்தர் கீழ படுத்து ஷாப்ட்டை எண்ணட்டும். ஒரு சில்லு அசையாமல் நிக்கிறதால 20 சுத்து டிப்புக்கு 10 சுத்து. 41 வந்தால் 4.10. 43 வந்தால் 4.30. 45 ஐத் தாண்டி அரை வந்தால் 4.56. 48 ஐத் தாண்டி முக்கால் வந்தால் 4.88. பிறகு பின் சில்லுகளுக்குக் கட்டை வச்சு, முன் ஹப் ரெண்டையும் லொக் பண்ணிப்போட்டு முன்னுக்கும் அதையே செய்யுங்கோ.

மெல்பேர்ண் தம்பி சொன்ன 4.70 நல்ல சாமான், குறை சொல்லேல்லை. கல்லு மலைக்கு அதுதான். ஆனால் வயல் சேத்தில ரயர் கொஞ்சம் வேகமாச் சுத்தினால்தான் பட்டனுக்க அடைச்ச சேறு பறக்கும். மணிக்கு ரெண்டு கிலோமீற்றரில சுத்தினால் சேறு ரயரோடயே ஒட்டியிருக்கும், ரயர் வழுவழுப்பான உருளையாகிடும். வன்னி மண்ணுக்கு 2.28 காணும்.

ஒட்டுற கதை: மன்னார் அண்ணை ஓடுறது மணல் றோட்டும் வயலும் எண்டால் அவருக்குச் சரி. நீங்கள் ஏ9 இலயும் ஏ35 இலயும் பாரத்தோட போறனீங்கள். திரும்பேக்க வெளிச்சில்லு கூடத் தூரம் போக வேணும், ஒட்டின டிப் அதை விடாது. ரயர் தேயும், அச்சு முறுகும், மழை பெய்த தார் றோட்டில வளைவில பின்பக்கம் வெட்டும். பிள்ளையள் ஏறுற வாகனத்துக்கு அதைச் செய்ய நான் கை வைக்க மாட்டன்.

என்ஜின் மாத்திறது கடைசிக் கதை. என்ஜின் நம்பர் வாகனப் பதிவுப் புத்தகத்தில கிடக்குது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில மாத்த வேணும். அதோட ரேடியேற்றர், கியர் பொக்ஸ், வயறிங் எல்லாம் பின்னால வரும். டிப் விகிதம் புத்தகத்தில இல்லை.

வட்டக்கச்சி_கப் எழுதியது:

ஐயா, எண்ணினம். தம்பி கீழ படுத்தான், நான் சில்லைச் சுத்தினன். பின்னுக்கு 41, கோடும் கோடும் நேரா வந்து நிண்டது. முன்னுக்கு 45, அதுக்கு மேல அரைச் சுத்தைத் தாண்டி ஒரு விரல். நம்பேலாமல் திருப்பியும் எண்ணினம், அதேதான்.

எனக்கு வித்த ஆளைக் கேக்க வழியில்லை, அவர் நாட்டில இல்லை. இப்ப என்ன செய்யட்டும்? பின்னுக்கு 4.56 போட்டால் சரிதானே? இல்லாட்டி ரெண்டையும் 4.88 ஆக்கவா?

செட்டிகுளம்_பழைய_கராஜ் எழுதியது:

அப்ப சரி. இண்டையில இருந்து சரியாகும் மட்டும் அந்த லீவரைத் தொடாதேங்கோ, சேத்தில கூட. பின் சில்லு 100 மீற்றர் போக வெளிக்கிடேக்க முன் சில்லு 90 மீற்றர்தான் போகப் பாக்குது. முன்னுக்குப் பிரேக் பிடிக்கிற மாதிரி எண்டு நீங்கள் எழுதினது நூற்றுக்கு நூறு உண்மை. நாலு சில்லும் இழுக்க வேண்டிய வாகனத்தில ரெண்டு சில்லு இழுக்குது, ரெண்டு சில்லு மறிக்குது. அந்த 3எல் பாவம், வயலோட மட்டும் இல்லாமல் தன்னோடயும் மல்லுக்கட்டியிருக்குது. ட்ரான்ஸ்பர் பொக்ஸ் ஓயிலை இறக்கி ஒரு வெள்ளைச் சட்டியில பாருங்கோ. மினுக்கம் இருந்தால் பரவாயில்லை, துண்டு துண்டா உலோகம் வந்தால் பொக்ஸைத் திறக்க வேணும். முன் ஷாப்ட் குறோஸ் (ஷாப்ட்டின்ர முனையில இருக்கிற மூட்டு) ரெண்டையும் கையால ஆட்டிப் பாருங்கோ.

விகிதம் எது எண்ட கேள்விக்கு வருவம். கொம்பனி 29 அங்குல ரயருக்கு 4.56 குடுத்தது. 32 அங்குல ரயரோட அதே இழுவை வேணும் எண்டால் 5.03 வேணும். அப்பிடி ஒண்டு இந்த எட்டு அங்குல டிப்பில இல்லை, கிட்ட இருக்கிறது 4.88. நீங்கள் இப்ப ஓடுறது பழைய ரயர்க் கணக்கில 3.72. மூண்டாம் கியரில மூச்சு வாங்காமல் என்ன செய்யும். ஐஞ்சாம் கியரில 80 ஓடேக்க என்ஜின் 1850 அளவிலதான் சுத்தும், இந்த என்ஜினுக்கு 2000 தாண்டினால்தான் இழுவை. 4.56 போட்டால் 2050 அளவு வரும், 4.88 எண்டால் 2200. மீற்றரும் 4.88 இல கிட்டத்தட்டச் சரியாகிடும், மூண்டு வீதப் பிழைதான் மிஞ்சும்.

காசு இடங்குடுத்தால் ரெண்டுக்கும் 4.88. இல்லை எண்டால் பின்னுக்கு மட்டும் 4.56 போடுங்கோ, சண்டை நிண்டாலே வாகனம் வேற வாகனமா இருக்கும். கொழும்பில பஞ்சிகாவத்தையில முழு டிப்பாக் கழட்டினது வாங்கலாம். வாங்கேக்கயும் எண்ணித்தான் வாங்க வேணும். கிறவுண் வீல் (டிப்புக்குள்ள இருக்கிற பெரிய பல்லுச் சில்லு) பல்லையும் பினியன் (அதைச் சுத்திற சின்னப் பல்லுச் சில்லு) பல்லையும் எண்ணுங்கோ: 41 க்கு 9 எண்டால் 4.56, 39 க்கு 8 எண்டால் 4.88. கடைக்காரர் வாயால சொல்லுறதை எடுக்காதேங்கோ. ஹவுசிங்கோட பூட்டுற முகமும் போல்ட் ஓட்டையும் உங்கடையோட ஒண்டா எண்டு பாருங்கோ. கரண்டால பூட்டுற லொக்கோட வந்த டிப் சாதாரண ஹவுசிங்கில நேரடியாப் பூட்டேலாது. உங்கட வாகனத்தில முன் டிப்பும் பின் டிப்பும் ஒரே இனம், ஒண்டை மற்ற இடத்தில பூட்டலாம். தேடேக்க அது பெரிய வசதி.

வேலையைப் பிரிச்சுச் செய்யுங்கோ. கழட்டிறது, பூட்டுறது உங்கட வீட்டில. டிப்புக்குள்ள கிறவுண் வீலும் பினியனும் செற் பண்ணுறது டயல் கேஜ் வச்சிருக்கிற, அதே வேலையாச் செய்யிற ஆளிட்ட. டிப் முழுசா பினியன் பக்கத்தால கழண்டு வாறதால மேசையில வச்சு வேலை செய்யலாம், வாகனத்தை அங்க கொண்டுபோகத் தேவையில்லை. நீங்கள் பக்கத்தில நிண்டு பாக்க வேண்டியது ரெண்டு. பல்லுக்கும் பல்லுக்கும் இடையில விடுற இடைவெளி 0.13 இல இருந்து 0.18 மில்லிமீற்றருக்க இருக்க வேணும், கிறவுண் வீலைச் சுத்திச் சுத்தி மூண்டு நாலு இடத்தில அளக்க வேணும். ரெண்டாவது, பல்லில மை பூசிச் சுத்தினால் தடம் பல்லின்ர நடுவில விழ வேணும். முன் டிப்புக்கு இன்னொரு விசயம் இருக்குது. பின் டிப்பை அப்பிடியே முன்னுக்குப் பூட்டுறதால, முன்னுக்குப் போகேக்க அது பல்லின்ர மற்ற முகத்தாலதான் இழுக்கும். அதால முன்னுக்குப் போறதுக்கு ரெண்டு முகத்தின்ர தடத்தையும் பாக்கச் சொல்லுங்கோ. ஒரு முகத்தை மட்டும் பாத்துவிட்ட டிப் முன்னுக்குப் போனால் ஊளையிடும்.

பின்பக்கம் லேசு. ட்றம்மைக் கழட்டி, பிரேக் பைப்பையும் ஹாண்ட் பிரேக் கேபிளையும் விடுவிச்சு, பிளேட்டின்ர நாலு நட்டையும் எடுத்தால் அச்சு பெயறிங்கோட வெளியில வரும். சீல் ரெண்டும் புதுசு.

முன்பக்கம் ஒரு முழு நாள் வேலை, ஆறுதலாச் செய்யுங்கோ. பிறீ வீல் ஹப்பின்ர நட்டுகளை எடுத்த பிறகும் ஹப் அசையாது. ஆக்கள் அங்கதான் உளியை வச்சு அடிச்சு உடைக்கிறவை. ஒவ்வொரு ஸ்ரட்டுக்கும் கீழ பிளந்த கூம்பு வாசர் ஒண்டு இறுகிக் கிடக்கும். ஒரு பித்தளைக் கம்பியை ஸ்ரட்டின்ர தலையில வச்சுப் பக்கவாட்டில தட்டுங்கோ, பலமா இல்லை, திடமா. ஸ்ரட் அதிர்ர அதிர்வில கூம்பு ‘டிக்’ எண்டு மேல எழும்பும். எல்லாம் எழும்பினதும் ஹப் கையோட வரும். பிறகு காலிப்பர், ஹப், ஸ்பிண்டில் வரிசையா வரும், கடைசியா அச்சு பேர்பீல்டோட (சில்லு திரும்பேக்கயும் சுத்த விடுற அச்சு முனை மூட்டு) வரும். கறுப்புக் கிறீஸ் கஞ்சி மாதிரித் தண்ணியா ஓடினால் உள் சீல் போயிட்டுது, டிப் ஓயில் வந்து கலந்திருக்குது எண்டு அர்த்தம். இவ்வளவு கழட்டின பிறகு சீல், கம்பளித் துணி வளையம், நக்கிள் (சில்லு இடம் வலம் திரும்பிற மூட்டு) பெயறிங் எல்லாத்தையும் ஒரேயடியாப் புதுசாப் போடுங்கோ. நக்கிளின்ர மேலயும் கீழயும் இருக்கிற மெல்லிய சிம் தகடுகளைக் கலக்காமல், இடம் எழுதி, வேற வேற பையில கட்டி வையுங்கோ. பேர்பீல்டுக்கு மொலிப்டினம் கிறீஸ், பந்துகளுக்க அமத்தி அமத்தி ஏத்த வேணும்.

மெல்பேர்ண்_4x4 எழுதியது:

ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்ளுறன், எண்ணாமல் 4.70 வாங்கியிருந்தால் அந்தப் பல்லும் இதே சண்டையில உடைஞ்சிருக்கும். ஒண்டு சேர்க்கிறன். டிப் ரெண்டையும் கழட்டின நேரத்தில பிறீதரையும் (அச்சுக்குள்ள காத்துப் போய்வர விடுற மூடி) பாருங்கோ. ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த தண்ணிக்க இறங்கினால் உள்காத்துச் சுருங்கும், பிறீதர் அடைச்சிருந்தால் சீலால தண்ணியை உறிஞ்சும். பிறீதரைக் கழட்டி அந்த இடத்தில ஒரு குழாய் மூட்டுப் பூட்டி, றப்பர் குழாயை என்ஜின் அறை மேல்வரை ஏத்திவிடுங்கோ. நாங்கள் ஆறு கடக்கிற வாகனங்களுக்கு முதல் செய்யிறது அதுதான்.

வட்டக்கச்சி_கப் எழுதியது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. முடிவு இது: சிறுபோக வேலை தொடங்க முதல் 4.88 ரெண்டு தேடுறன். சோடி கிடைக்காட்டில் பின்னுக்கு 4.56 போட்டு ஓடுறன். பிறீதர் குழாய் கட்டாயம். ட்ரான்ஸ்பர் ஓயில் இறக்கினன், மினுக்கம் மட்டும்தான், துண்டு ஒண்டும் இல்லை. முன் ஷாப்ட் குறோஸ் ஒண்டு ஆடுது, மாத்திறன். பூட்டின பிறகு உடன பாரம் ஏத்தலாமோ ஐயா? என்ன ஓயில்?

செட்டிகுளம்_பழைய_கராஜ் எழுதியது:

புதுப் பல்லு எண்டால் உடன பாரம் வேண்டாம் தம்பி. முதல் நாள் வெறும் வாகனமா இருபது முப்பது கிலோமீற்றர் ஆறுதலா ஓடி, நிப்பாட்டி, ஹவுசிங்கில கை வையுங்கோ. சூடு இருக்கும், கை வைக்கேலாத சூடு இருக்கக் கூடாது. நல்லா ஆறவிட்டுத் திருப்பி ஓடுங்கோ, அப்பிடி ரெண்டு மூண்டு தரம். 800 கிலோமீற்றர் மட்டும் உரமும் நெல்லும் வேற வாகனத்தில போகட்டும். பிறகு டிப் ஓயிலை இறக்கிப் புதுசு விடுங்கோ, முதல் ஓயிலில வாற தூள் உள்ளுக்க கிடக்கக் கூடாது. பழைய பல்லுச் சோடி, பிரிக்காமல் வந்தது எண்டால் இவ்வளவு பத்தியம் தேவையில்லை, சூட்டை மட்டும் பாருங்கோ.

டிப்புக்கு 90 ஓயில், ஜிஎல்-5 எண்டு போட்டிருக்க வேணும். ஆனால் அதே கானை எடுத்துக் கியர் பொக்ஸுக்க ஊத்திப்போடாதேங்கோ. அங்க பித்தளை வளையம் இருக்குது, ஜிஎல்-4 தான் விட வேணும். ரெண்டு கானிலயும் பெயின்ற்றால எழுதி வையுங்கோ, தம்பிக்கும் சொல்லிவிடுங்கோ.